பாலனுக்கு ஒரு ஏணை

கடல் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருகிறது என்றுதான் கிறிஸ்ரி நினைத்தாள். குருநகர்க் கரையில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிகிற காலைகளில், "கடல் இன்னும் வீட்டுக்கு வரேல்லை, அப்பா" என்பாள். தகப்பன் கனிசியஸ் வலையில் சிக்கிய பாசியை உதறிக்கொண்டே, "அது பண்ணைப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போட்டுது. வரும்" என்பான். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மறுமொழி காணும். கொஞ்ச நேரத்தில் கடலும் வந்துவிடும்.

படித்தவர்களுக்கு இது வெறும் பகிடி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, இந்தக் கடலையே நம்பி இரண்டு படகும் ஒரு கல்வீடும் தேடிக்கொண்டவர்கள் இதே கரையில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். தகப்பனும் மகளும் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அந்தத் துணிவு புத்தகத்தால் வருகிறதில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்த வாய்தான் அவளுக்கு வினையாகப் போயிற்று. ஒருநாள் வகுப்பில் உதயகலா ரீச்சர், "கடலின்ரை நிறம் என்ன?" என்று கேட்டார். "நீலம்" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் இழுத்தார்கள். கிறிஸ்ரி மட்டும் கையை உயர்த்தினாள்.

"எத்தினை மணிக்கு, ரீச்சர்?"

அவள் அறியத்தான் கேட்டாள். விடியமுதல் கடல் ஈயச்சட்டி போலக் கிடக்கும். வெயில் ஏற ஏறப் பச்சை பிடிக்கும். வலை இழுக்கிற இடத்தில் கலங்கிப் பால்தேத்தண்ணி மாதிரி ஆகும். பொழுதுபடுகிற நேரத்தில் அதற்கு இருக்கிற நிறத்துக்கு அவளுடைய நிறப்பெட்டியில் குச்சியே இல்லை. ரீச்சருக்கு அது வாய்க்காட்டலாகப் பட்டது. மணி அடிக்கும்வரை வாங்கில் ஏற்றி நிற்க விட்டார். அது அவளுக்கு ஒரு தண்டனையாகவே தெரியவில்லை. அந்த உயரத்தில் நின்றால் யன்னலுக்கு அப்பால் கடல் தெரிந்தது. அது நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உதயகலா ரீச்சரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கோப்பாயில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் சரி, மற்றதெல்லாம் பிழை என்று படித்துப் படித்தே இந்த உத்தியோகத்துக்கு வந்தவர். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஸ்கூட்டியில் வந்து மனமாகப் படிப்பிப்பார். தாய் அற்புதராணியைக் கண்டால் மட்டும், "பிள்ளையை ஒருக்கால் ஆரிட்டையாவது காட்டுங்கோவன். கேட்டது ஒண்டு, அவள் சொல்லுறது ஒண்டு" என்பார்.

"வீட்டிலையும் உப்பிடித்தான், ரீச்சர். தேப்பனைப் போலை" என்று அற்புதராணி தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்த வருடம் மார்கழியும் வந்தது. பள்ளிக்கூட நத்தார் ஒளி விழாவுக்கு ஒவ்வொரு வகுப்பும் மாதாவும் சூசையப்பரும் பாலனுமாக ஒரு பாலன்குடில் கட்ட வேண்டும், நல்லதுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். ஐந்தாம் வகுப்புக் குடிலின் பொறுப்பு உதயகலா ரீச்சரின் தலையில் விழுந்தது. சைவக் குடும்பத்தில் பிறந்தவருக்குக் குடில் கட்டி என்ன பழக்கம்? எங்கேயோ ஒரு நத்தார் வாழ்த்து மட்டை தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதில் வெள்ளைக்காரர் நாட்டுக் குடில் இருந்தது. அதை அப்படியே கட்டுவது என்று முடிவாயிற்று.

பிள்ளைகள் சீமெந்துப் பேப்பரைக் கசக்கிக் கரி பூசிக் குகை செய்தார்கள். பீரிசில் முளைக்கப்போட்ட குரக்கன் புல்லாகி நின்றது. பஞ்சைப் பிய்த்துப் பனி தூவினார்கள். பள்ளிக்கூடத்துப் பாலன் சுரூபத்துக்கு ஒரு கை முறிந்துபோயிருந்தபடியால் கிறிஸ்ரி தன் வீட்டுப் பாலனைக் கொண்டு வந்தாள். உள்ளங்கை அளவுதான். அவளுடைய கைவேலை சுத்தமானது என்று ரீச்சருக்கும் தெரியும். "உள்வேலையை நீ செய், பிள்ளை" என்று சொல்லிவிட்டு ரீச்சர் கூட்டம் ஒன்றுக்குப் போனார்.

கிறிஸ்ரி முழங்காலில் இருந்து தலையைக் குகைக்குள் விட்டாள். உள்ளே சீமெந்து மணமும் வைக்கோல் மணமும். வெளியே பிள்ளைகள் கதைத்த சத்தம் தூரப் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்க, கரி பூசிய சுவர் நனைந்த சுவராயிற்று. பஞ்சு உருகி ஓடியது. வாசல் ஒழுங்கைத் தண்ணீர் படி ஏறி மெல்ல மெல்ல உள்ளே வந்தது, ஒரு செருப்பை மிதக்கவிட்டுக்கொண்டு. சூசையப்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மாதா நாலு பக்கமும் பார்த்தா. பிள்ளையை எங்கே கிடத்துகிறது? மார்கழி மாதம் குருநகரில் எந்தத் தாய்க்கும் வருகிற யோசனை அது. மாதா தன் சீலை ஒன்றை எடுத்தா, கூரை வளையில் போட்டா, முடிச்சை இழுத்துப் பார்த்தா. ஏணை கட்டியாயிற்று. பிள்ளை உள்ளே நித்திரை. கீழே தண்ணீர் வந்து வந்து போனது.

ரீச்சர் திரும்பி வந்தபோது, குகையின் கூரையில் நீலத் துணியில் ஒரு சின்ன ஏணை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பாலன்.

"உது என்ன, பிள்ளை?"

"ஏணை, ரீச்சர்."

"அது தெரியுது. பாலனுக்கு ஏன் ஏணை?"

"மார்கழியெல்லே, ரீச்சர். வெள்ளம் வந்திடும். நிலத்திலை கிடத்தினா நனைஞ்சுபோவார்."

பின்னால் நின்ற எமில்ராஜ், "பெத்லகேமிலை எங்கையடி குருநகர் வெள்ளம்?" என்றான். வகுப்பே சிரித்தது.

"பனி பெய்யுதெண்டா வெள்ளம் வராதே?" என்றாள் கிறிஸ்ரி.

ரீச்சர் சிரிக்கவில்லை. மட்டையை எடுத்து அவள் முன்னால் பிடித்தார். "இதிலை என்ன கிடக்கு? தீவனத்தொட்டி. வைக்கோல். உங்கடை வேதத்திலையும் அப்பிடித்தானே சொல்லியிருக்கு? நான் சைவம், பிள்ளை. நாளைக்கு பாதர் வந்து பாத்திட்டு, கோப்பாய் ரீச்சர் பாலனைச் சீலையிலை தொங்கவிட்டிட்டா எண்டு சொன்னா நான் எங்கை முகத்தை வைக்கிறது?"

அந்தப் பயம் உண்மையான பயம். ரீச்சர் முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்து அவள் கையில் கொடுத்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும்.

"உன்ரை வீட்டுப் பாலன்தானே. விழாவிலை நீயே ஏந்திக்கொண்டு வந்து வை. என்ன? ஆனா வைக்கோலிலை."

பாலனை ஏந்திவர எத்தனையோ பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். கிறிஸ்ரிக்கு அந்த ஆசை இருக்கவில்லை. அவரை நிலத்தில் கிடத்தக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

விழாவுக்கு முதல்நாள் பிடித்த மழை விடவில்லை. மண்டபத்துக் கூரைத்தகடு ஒழுகி, அங்கங்கே வாளி வைத்திருந்தார்கள். தாய்மார் கைக்குழந்தைகளோடு வந்து நெருக்கி இருந்தார்கள். மின்விளக்கை அணைத்து மெழுகுதிரி ஏற்றினதும் மண்டபம் ஆழமான தண்ணீருக்குள் இறங்கினது போல ஆயிற்று. ஒவ்வொரு முகமும் மிதந்தது. பாடல் தொடங்க, வெள்ளைச் சட்டையோடு கிறிஸ்ரி பாலனை ஏந்திக்கொண்டு நடந்தாள். கால் நிலத்தில் படுகிறதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

குடிலடியில் முழங்காலில் இருந்து, கிடத்துவதற்கு முதல், புறங்கையால் வைக்கோலைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை கிடத்துகிற எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வைக்கோல் ஈரம். ஒழுக்கு அதன் அடியால் போயிருந்தது.

அவள் எழும்பிவிட்டாள்.

பாடல் முடிந்தது. பாலன் இன்னும் அவள் கையில்தான். பாடகர் குழு ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு முதலடியில் இருந்து திரும்பப் பாடியது. திரைக்குப் பின்னால் இருந்து உதயகலா ரீச்சர், "வை, பிள்ளை" என்று மெல்லச் சொன்னார்.

"ஈரம், ரீச்சர்."

"பரவாயில்லை, வை."

கிறிஸ்ரி பாலனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்குச் சாய்ந்து சாய்ந்து ஆடினாள், வீட்டில் தம்பியை நித்திரையாக்குகிற மாதிரி. மண்டபத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அதைப் பார்த்து அழுகையை விட்டது. பாட்டு மூன்றாம் தரமும் போயிற்று.

பிரதம விருந்தினராக வந்தவர் இளைப்பாறிய கல்வி அதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் ஒலிவாங்கிக்கு வந்தார். "எத்தனையோ ஒளி விழாக்களைப் பார்த்திருக்கிறேன். இப்படியொரு நடிப்பை நான் கண்டதில்லை. இந்தப் பிள்ளையைப் பழக்கிய ஆசிரியையை மனதாரப் பாராட்டுகிறேன்" என்றார். ஐந்தாம் வகுப்புக் குடிலுக்கு முதற்பரிசு. உதயகலா ரீச்சர் மேடையேறிக் கும்பிட்டபோது முகம் பூத்திருந்தது. "எல்லாம் பிள்ளையளின்ரை முயற்சி" என்றார். பெரிய படிப்புப் படித்த இரண்டு பேர், ஒரு சின்னப் பிள்ளை ஈரத்தில் கிடத்த மாட்டேன் என்று நின்றதை நடிப்பென்று மேடையில் வைத்து ஒருவர் சொல்ல, மற்றவர் கும்பிட்டு ஏற்றுக்கொண்டு போனார்கள். சொல்லட்டும்.

பிறகு படம் எடுக்கிற நேரம் வந்தது. பாலன் தொட்டியில் இருந்தால்தான் படம் சரிவரும் என்றார் ரீச்சர்.

"நீங்கள் வையுங்கோ, ரீச்சர்" என்று கிறிஸ்ரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

ரீச்சர் வாங்கி, குனிந்து, வைக்கோலை ஒதுக்கி, பாலனைக் கிடத்தினார். விரல் நனைந்தது. கிறிஸ்ரி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது ரீச்சருக்கு விளங்கும், இப்போது தன்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தாள். ரீச்சர் விரலைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கைத்தொலைபேசி பிடித்தவரைப் பார்த்து நின்றார்.

"வடிவாச் சிரி, பிள்ளை."

கேக்கும் சோடாவும் கொடுக்கிற சந்தடியில், கிறிஸ்ரி பாலனை எடுத்து முதுகுப்புறத்து ஈரத்தைச் சட்டையில் ஒற்றினாள். கனிசியஸ் சைக்கிளோடு வெளியே நின்றான். மழை தூறலாகிவிட்டிருந்தது. ஒழுங்கையில் முழங்கால் மட்டுக்கும் தண்ணீர் நின்றபடியால் அவளைக் கரியரில் இருத்திக்கொண்டு தள்ளிப் போனான்.

"பரிசு கிடைச்சதாம்?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"நடிப்புக்காம்."

"நீ நடிச்சனியே?"

"இல்லை, அப்பா. கிடத்த இடமில்லை. அதாலை வைச்சுக்கொண்டு நிண்டனான்."

கனிசியஸ் சைக்கிளைத் தள்ளினான். சில்லு தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது.

"கை நொந்ததே?"

"கொஞ்சம்."

அவன் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுக் கையை நீட்டினான். கிறிஸ்ரி யோசித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அவன் பாலனைத் தன் சேட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினான்.

"தலை வெளியாலை இருக்கவேணும், அப்பா. மூச்சு முட்டும்."

"ஓம், ஓம்" என்று அவன் ஒரு பொத்தானைத் திரும்பக் கழற்றினான்.