ஜேர்மன் வகுப்பில் அடைத்துப்போன என் வாய்

முருகனை நம்பியிருக்கும் அடியார்களே, வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

என் ஊர் இணுவில். கணவர் ஜேர்மனியில் இருக்கிறார். மூன்று வயது மகள் தகப்பனை ஃபோனில் மட்டுமே கண்டவள். நாங்கள் அவரிடம் போவதென்றால் நான் ஜேர்மன் மொழிச் சோதனையில் தேற வேண்டும். போன வருடம் மாசி மாதம் ஒன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். அன்று பிடித்தது பயம்.

ஆசிரியை கிழமைதோறும் புள்ளிப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மேலே எப்போதும் சுகந்தி மச்சாளின் பெயர். என் மாமாவின் மகள், அடுத்த ஒழுங்கையில் இருப்பவள். அவளுடைய கணவரும் அங்கேதான். என் பெயர் கடைசிக்குக் கிட்ட நிற்கும். அதைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. வகுப்பில் என்னைக் கூப்பிட்டால் வாய் அடைத்துப்போகும், தெரிந்த சொல்லும் வராது. ஒருநாள் தாங்க முடியாமல் வகுப்பிலிருந்து வெளியேறி, கறண்ட் போய்விட்டது என்று குழுவில் எழுதினேன். மச்சாளோ தலைக்கு மேலே ஃபான் சுழல வகுப்பில் இருந்திருக்கிறாள்! இருவரும் ஒரே ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். குழு முழுக்கச் சிரிப்புப் படங்கள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

சோதனைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், மச்சாள் என்னை முந்தக்கூடாது என்று கேட்கத்தான் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். என் வாய் திறக்கவில்லை. வகுப்பில் வரும் அதே அடைப்பு. சொந்தப் பெயரே வரவில்லை. "முருகா, என்னைக் காப்பாற்று" என்று மட்டும் மனதுக்குள் கதறினேன்.

"வாசுகி, கேட்டை நட்சத்திரம், ஐயா."

எனக்குப் பின்னால் நின்று சொன்னது மச்சாள்தான்.

கோயில் வீதியில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன்.

"எடி விசரி, எனக்கு மட்டும் பயமில்லையே? கமராவுக்குப் பின்னால கொப்பியில எழுதிவைச்சுப் பாத்துத்தான் நான் கதைக்கிறனான். சோதனையில கொப்பிக்கு எங்க போறது?"

"உண்மையாவோ மச்சாள்?"

"ஓம். நாளைக்குக் காலமை எங்கடை வெங்காயத் தோட்டத்துக்கு வா. புல்லுப் பிடுங்கிப் பிடுங்கிக் கதைப்பம்."

அன்றிலிருந்து தினமும் அந்த வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே பிழை பிழையாக ஜேர்மன் கதைத்தோம். பக்கத்துத் தோட்டக்காரர் எங்களுக்கு விசர் என்றே நினைத்தார்.

கொழும்பில் சோதனை. முதல் கேள்வியே விளங்கவில்லை. பழையபடி வாய் அடைத்தது. முருகனை நினைத்துக்கொண்டு, "விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்று ஜேர்மனில் கேட்டேன். வகுப்பில் ஒருநாளும் கேட்கத் துணியாதது அது. கேள்வி கேட்டவர்கள் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்கள். நான் பதில் சொன்னேன்.

இருவரும் தேறினோம். மச்சாளுக்குத்தான் புள்ளி கூட. எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் இப்போது பயத்தை ஒளிப்பதில்லை. உங்கள் மனதில் கிடக்கும் அழுக்கோடேயே முருகனிடம் போங்கள், அவன் திருப்பி அனுப்பமாட்டான். எங்களுக்கு விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் என் பிள்ளை முதன்முதலாகத் தகப்பனைத் தொட்டுப் பார்க்கப் போகிறாள்.