கதவைத் தட்டிப் பார்ப்பவர்

அன்று மலேசியாவின் பூச்சோங்கில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் மூன்று பேர்தான்: இழுவை லோரி ஓட்டும் நான், தவணை கட்டாத கார்களைப் பறிமுதல் செய்யும் அண்ணன், பாராங் கத்தியோடு ஓடிவந்த கார்க்காரர்.

கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக அவருடைய இரண்டு சொகுசு எஸ்யூவிகள்; இரண்டுக்கும் தவணை பாக்கி. அண்ணன் ஒல்லி. எந்தக் காரின் கதவையும் முதலில் விரலால் தட்டிச் சத்தம் கேட்பார். அன்றும் இரண்டையும் தட்டிவிட்டு, வெள்ளையின் கதவை மாற்றுச் சாவியால் திறந்தார். அப்போதுதான் கத்தி வந்தது. அண்ணன் அந்தக் கதவுக்குப் பின்னால் பதுங்கினார். மூன்று வெட்டைக் கதவு வாங்கியது. நான்காவது அவர் முழங்கையில் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் கார்க்காரர் ஓடிவிட்டார்.

லோரியைக் கிளினிக்குக்கு விரட்டினேன். அண்ணன் கையைத் துண்டால் இறுக்கிக்கொண்டே சொன்னார்: "கறுப்பு பறக்கும் தம்பி, ஆனா கதவு மெல்லிசு. வெள்ளை மந்தம், கதவு கனம். அதான் அங்க நின்னேன் லா."

கத்திக்கு முன்னால் அதை எப்படி யோசித்தார் என்று இன்னும் விளங்கவில்லை. கிளினிக்கில் அவருக்காக நான் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை. அண்ணன் எனக்குத் தர வேண்டிய பாக்கி, இருநூற்று நாற்பது ரிங்கிட்.