பேச்சு போன பிறகு அப்பாவிடம் மிஞ்சிய சொல்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், கட்சி நண்பர்களுக்கும், எங்கள் மில் தொழிலாளர்களுக்கும் மகனாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார் சித்தப்பா. நல்லது நிறைய இருக்கிறது. அதை மட்டும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அப்பா பிறந்தது பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர். பதினோரு வயதில் தகப்பனாரை இழந்தார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களோடு கூலிக்குச் சேர்ந்தார். இருபத்தைந்து வயதில் சொந்த மூட்டம், முப்பதில் சொந்த லாரி, பிறகு அருப்புக்கோட்டையில் எண்ணெய் மில். யாரிடமும் போய்க் கை கட்டி நின்றதில்லை. யார்மேலும் இரக்கப்பட்டதும் இல்லை.

கரிமூட்டம் என்றால் விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே வேக விடுவது. ஆறுவதற்குள் பிரித்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும், அத்தனையும் சாம்பல். லோடு ஏற்ற லாரி வந்துவிட்டதே என்று பதறி, எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் முன்னதாகவே மூட்டத்தைப் பிரித்துவிட்டார். அப்பா அவரை அடிக்கவில்லை. “எரிஞ்சு முடியிற வரைக்கும் இங்கனயே பாத்துக்கிட்டு நில்லு” என்றார். சித்திரை வெயிலில், அந்த அனலுக்குப் பக்கத்தில், காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவர் நின்றார். முகத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்துபோனது. தொழிலில் கண்டிப்பு வேண்டும் என்பதற்கு இதை அப்பா மேடை மேடையாகச் சொல்வார். ஜனம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்தக் கண்டிப்புதான் அப்பாவை ஒன்றியத் தலைவராக்கியது, சட்டமன்றத்துக்கு அனுப்பியது, கடைசியில் பேரவைத் தலைவர் நாற்காலியிலும் உட்கார வைத்தது. சொந்தக் கட்சிக்காரர் வரம்பு மீறினாலும் மணியடித்து உட்கார வைப்பார். திருச்சுழிப் பக்கம் குடிதண்ணீர் வராத ஊர்களுக்குக் குழாய் வந்தது அப்பாவால்தான். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா தவறிவிட்டார். அதன் பிறகு என்னை வளர்த்தது அக்காதான். சோறு ஊட்டியது, தலை சீவிவிட்டது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அக்கா. அந்த அக்கா ஒருவரைப் பிரியப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டது. மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். அன்று அனலில் நின்றாரே, அவருடைய மகன். வேறு சாதி. அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கல்யாணச் சேதி வந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா, சித்தி, அத்தை, நான் என்று நால்வரையும் அப்பா கூடத்தில் உட்கார வைத்தார். பேரவையில் தீர்மானத்தை ஓட்டுக்கு விடுகிற அதே குரலில், “இனிமே அவ இந்த வீட்டுப் பொண்ணு கிடையாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் வாசப்படி மிதிக்கக் கூடாது. ஏற்போர் ஆம் என்க” என்றார். சித்தப்பாவும் சித்தியும் ஆம் என்றார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “சும்மா இருக்கிறவுக ஓட்டு செல்லாது” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு இருபத்திரண்டு வயது, மீசை முளைத்தவன். ஆம் என்றேன்.

அக்கா குடிபோனது பாலவனத்தம். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. விருதுநகர் போகிற போதெல்லாம் எங்கள் கார் அந்த ஊர் வழியாகத்தான் போகும். பதினாறு வருடம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

போன வருடம் அப்பாவைப் பக்கவாதம் சாய்த்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. அத்தனை பேச்சிலும் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: “வேணாம்.” தண்ணீர் வேண்டுமா என்றால் வேணாம் என்பார், டம்ளரைக் கொண்டுபோனால் ஆவலாகக் குடிப்பார். “எதைக் கேட்டாலும் வாய்ல அதுதான் வரும். முகத்தப் பாத்துப் புரிஞ்சுக்கங்க” என்று மதுரை டாக்டர் தெளிவாகச் சொன்னார். விஷயம் வெளியே போகக் கூடாது, கட்சிக்கு நல்லதல்ல என்று வீட்டோடு மறைத்து வைத்தோம்.

எப்படியோ உடம்பு சரியில்லை என்பது மட்டும் தெரிந்து ஒரு நாள் அக்கா வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. கூடத்தில் கட்சிக்காரர்களும் சாதிப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தேர்தலில் அப்பாவின் தொகுதி எனக்கா என்பதுதான் பேச்சு.

“தம்பி, ஒரு நிமிசம் மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேன்டா. பேசக்கூட மாட்டேன்.”

“இருக்கா, அப்பாட்டக் கேட்டுட்டு வாரேன்.”

உள்ளே போய், கூடத்தில் இருந்தவர்கள் காதில் விழும்படி, “அப்பா, அக்கா வந்திருக்கு. உள்ள விடவா?” என்று கேட்டேன். என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டேன். வந்தது. திரும்பிப் போய், “வேணாங்கிறாகக்கா” என்றேன்.

“நெசமாவே அப்பாவா சொன்னாக?”

“ஆமா.”

அக்கா பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனது. ஒன்பதாம் நாள் அப்பா காலமானார். அஞ்சலி செலுத்த வந்த பொதுமக்கள் வரிசையில் அக்காவும் நின்று வந்தது. “நடங்க, நடங்க” என்று தொண்டர்கள் விரட்டியதில், முன்னே பின்னே வந்தவர்களுக்குக் கிடைத்த அளவு நேரம்தான் அதற்கும் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து ஊரார் மாதிரிக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். பேரப்பிள்ளைகள் பிடிக்க வேண்டிய நெய்ப்பந்தத்தை என் மகன் பிடித்தான்; அக்காவின் பையன்கள் இரண்டு பேரும் தெருவில் நின்று பார்த்தார்கள். தொகுதியைக் கடைசியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பாவைக் கடைசிவரை கண்ணும் கருத்துமாகக் கவனித்த மருத்துவர்களுக்கும், உடம்பு துடைத்துவிட்ட நர்ஸுக்கும், இறுதி ஊர்வலத்தில் வெயில் பாராமல் நடந்து வந்த திருச்சுழி வட்டாரத்து மக்களுக்கும், சித்தப்பா குடும்பத்தாருக்கும் நன்றி. இந்தக் கட்டுரையைப் படித்ததும் சித்தப்பா என்னிடம் பேச மாட்டார். பரவாயில்லை.

அக்கா, இந்த மலர் உனக்கும் தபாலில் வரும். அப்பா கடைசியில்கூட உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். வாய்தான் அப்படிச் சொன்னது. உன் பேரைக் கேட்டதும் அப்பா இடது கையால் என் சட்டையைப் பிடித்து வாசல் பக்கமாகத் தள்ளினார், திரும்பத் திரும்பத் தள்ளினார். போய் உன்னைக் கூட்டி வரச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் நான் கேட்டுக்கு வந்தேன்.