கெஸ்ட் எழுதிய நாலு வரி

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் வருகிற ஆளின் முகத்தைப் பார்க்கலாம், அவர் பார்க்கிற திரையைப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். நீ எழுதிய நாலு வரியையும் பார்த்தேன், அதற்கப்புறம் நீ வாயை மூடிக்கொண்டு ஓடினதையும் பார்த்தேன். உன் ஊர் தெரியாது, பேர் தெரியாது. பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'கெஸ்ட்' என்று இருந்தது. ஒரு பொம்பளையின் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டுப் போன விருந்தாளி நீ.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கேயாவது எதையாவது எழுதிப் போட்டுவிட்டு, பதில் வந்ததா வந்ததா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கேஸ்தான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பெட்ஷீட் விற்று, பிறகு எஸ்.டி.டி. பூத் வைத்து, தொண்ணூறுகளின் கடைசியில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை அடித்துப் பேசி வாங்கிக் கிழக்குத் தாம்பரத்தில் கடை போட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டைப் அடிக்க வராது. அவர்கள் சொல்வார்கள், நான் அடிப்பேன்.

இன்டர்நெட்டில் 'ஃபோரம்' என்று ஒன்று. ஒருவர் ஒரு சேதியை எழுதி ஒட்டுவார், கீழே மற்றவர்கள் பதிலை ஒட்டிக்கொண்டே போவார்கள். டீக்கடை பெஞ்சு மாதிரிதான், ஆனால் உட்கார்ந்திருப்பவன் முகம் தெரியாது. தமிழ் எழுத்து ஒரு கம்ப்யூட்டரில் வந்தால் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் ஆங்கில எழுத்தை வைத்தே தமிழில் பேசிக்கொண்டோம். சண்டையும் அப்படித்தான் போட்டோம்.

திட்டக்கூட ஆளில்லை

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தினமும் காலை பதினோரு மணிக்கு வருவார். தந்தி ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்து ஒரு வருஷம், பிள்ளை வெளிநாடு. ஏரியில் குப்பை கொட்டுவது, லோக்கல் டிரெயினில் படியில் தொங்குவது என்று ஃபோரத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் எத்தனை பதில் வந்தது என்று ஓர் எண் இருக்கும். அவருடையதற்கு எப்போதும் பூஜ்ஜியம். மூன்று மாதம் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஒருநாள் எழுந்திருக்கும்போது, "திட்டியாவது எவனாவது எழுதியிருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அவர் போனதும் நானே பேர் கொடுக்காமல் 'கெஸ்ட்' என்று உள்ளே போய், "ஏரியைப் பற்றி உமக்கு என்னய்யா தெரியும்" என்று நாலு வார்த்தை வைது எழுதினேன். மறுநாள் மனுஷர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். நாற்பது வரி பதில் எழுதினார். போகும்போது முகமெல்லாம் பல். "ஒரு முட்டாள் கிடைச்சிருக்கான் சார். லேசுல விடமாட்டேன்."

நலம், நலமறிய அவா

பொழிச்சலூர் ரெஜினா வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, அரை நாள் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். வீட்டுக்காரர் அந்தோணி வெல்டர், வளைகுடாவுக்குப் போய் மூன்று வருஷம். முதலில் கடிதம் வந்தது, குரலைப் பதிந்து கேசட் வந்தது. கடைசி ஒரு வருஷமாக எதுவும் கிடையாது. அனுப்பிய ஏஜென்ட்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. வளைகுடாவில் வேலை செய்கிற தமிழ் ஆட்கள் கூடிப் பேசுகிற ஃபோரம் ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்லி வந்திருக்கிறாள்.

சொல்லும்மா, அடிக்கிறேன் என்றேன். அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, "அன்புள்ள அத்தானுக்கு, நலம், நலமறிய அவா" என்று ஆரம்பித்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். இது அவருக்கு மட்டும் போகிற கடிதம் இல்லை, ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் படிப்பார்கள், ஆளின் அடையாளத்தை மட்டும் சொல் என்றேன். "அப்ப வூட்டு விஷயம் ஒண்ணும் எழுதாதண்ணா. உயிரோட கீறாரா இல்லியா, அத்த மட்டும் கேளு."

அப்படியே கேட்டேன். பேர், வயசு, இடது புருவத்தில் வெல்டிங் தீப்பொறி பட்ட தழும்பு. அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

சனிக்கிழமைப் பதில்கள்

வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு எல்லாரும் எழுதுவார்கள், சனிக்கிழமை நமக்குப் பதில் நிறைந்து கிடக்கும். ரெஜினா சனிக்கிழமைதோறும் வந்தாள். முதல் வாரம் பன்னிரண்டு பதில். ஐந்து பேர் வருத்தப்பட்டிருந்தார்கள். ஒருவன் ஆங்கிலத்தில் கவிதை எழுதியிருந்தான். நிலைமை தெரியாமல் அங்கே வேலை கிடைக்குமா என்று எங்களையே விசாரித்தவனும் உண்டு.

மிச்சம் இருந்தது சாக்கடை. அங்கே வேறொரு செட்டப் வைத்திருப்பான், இவள் லட்சணம் எப்படியோ என்கிற ரகம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தந்த ஆளுக்கு அவனவன் பாஷையிலேயே பதில் அடித்தேன். அவளுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடங்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். கண்டுபிடித்துவிட்டாள். "வுடாம படிண்ணா. திட்டறவன்கூட அவரு உயிரோட கீறாருன்னு நெனச்சிகினுதானே திட்டறான்?"

நாலு வரி

ஏழாவது சனிக்கிழமையோ எட்டாவதோ, நீ வந்தாய். வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். "அந்தோணியை எனக்குத் தெரியும். என் ரூமில்தான் இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை விவரமாக எழுதுகிறேன். சின்னப் பாப்பாவுக்குக் காது ஒழுகுவது நின்றுவிட்டதா?"

நான் சத்தம் போட்டே படித்தேன். கடையில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வரி வரைக்கும் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. நாலாவது வரியில் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, காது விஷயம் நாம எழுதவேல்லியே. அது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்."

பேரம்

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். சரக்கைக் காட்டிவிட்டு விலை சொல்லாமல் மூட்டையைக் கட்டுகிறவனை ஸ்டேஷன் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவனை நகரவிடக் கூடாது, குரலை உயர்த்திக் கூட்டம் சேர்த்துவிட வேண்டும். அதுதான் நான் கற்ற பாடம். ஒரு மணி நேரத்துக்குள் உனக்கு ஐந்து கேள்வி அடித்தேன். நீ யார், எந்தக் கம்பெனி, எந்த ரூம், போன் நம்பர் என்ன, அவர் இப்போது எங்கே?

அடுத்த சனிக்கிழமை உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அவளைக் கேட்காமலே எழுதினேன். நீதான் அந்த அந்தோணி, பெண்டாட்டி பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு ஒளிந்திருக்கிற நாய், உன் ரூமுக்கே போலீஸ் வரும் என்று எழுதினேன். நீ அந்தோணி இல்லையென்றால் எப்படித் துடித்திருப்பாய் என்று அப்போது தோன்றவில்லை. நீ அந்தோணியேதான் என்றாலும், அந்த வரிகளைப் படித்தபின் எந்த மூஞ்சியோடு வருவாய் என்றும் தோன்றவில்லை. மறுநாள் ஃபோரத்தை நடத்துகிறவர்கள் எங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படத்தைப் போட்டுவிட்டார்கள். இனி யாரும் அதில் எழுத முடியாது. நீ எழுத நினைத்தாலும் முடியாது. ரெஜினா கேட்டபோது, அது தானாகவே விழுகிற பூட்டு என்று சொல்லிவிட்டேன்.

சிட்லபாக்கம் சாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் தன் பக்கத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "எனக்குப் பதில் எழுதற அந்த கெஸ்ட் யாருன்னு ஒரு நாளாவது உங்களைக் கேட்டேனா சார்? கேட்டிருந்தா மறுநாளே நிறுத்தியிருப்பீங்க."

எந்த நோட்டு

பூட்டைத் திறக்கச் சொல்லி ஃபோரக்காரர்களுக்கு மூன்று முறை எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன், எனக்கு அது பழக்கமில்லாத வேலை. பதில் இல்லை. புதிதாக ஒரு தலைப்புப் போட்டு, "காது ஒழுகுவது நின்றுவிட்டது, பாப்பா நன்றாக இருக்கிறாள், நீங்கள் யாராக இருந்தாலும் பயப்பட வேண்டாம்" என்று எழுதினேன். வேடிக்கை பார்க்கிறவர்களெல்லாம் வந்தார்கள், நீ வரவில்லை. இரண்டு மாதத்தில் அந்த ஃபோரமே இல்லாமல் போயிற்று. அந்த விலாசத்தை அடித்தால் வெறும் வெள்ளைப் பக்கம்.

அக்டோபர் கடைசியில், கல்லறைத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, ரெஜினா வந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை, கல்லாவுக்கு எதிரேயே நின்றாள். அவர்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், பாதிரியார் வைக்கிற பூசைக்குப் பேர் கொடுக்க இரண்டு நோட்டு இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் நல்லபடியாக இருக்க ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று. அந்தோணி பிறந்தநாளுக்கு இவள் மூன்று வருஷமும் முதல் நோட்டில்தான் எழுதினாள். இந்த முறை மாமியார், எத்தனை நாள்தான் காத்திருப்பது என்று, மகன் பேரை இரண்டாவது நோட்டில் கொடுத்துவிட்டார். இவள் போய் அந்தப் பேரைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறாள். கிழவி அங்கேயே தரையில் உட்கார்ந்து, என் பிள்ளைக்கு ஒரு பூசைகூட இல்லையா என்று அழுதிருக்கிறார்.

பேசித்தான் பிழைத்தவன் நான், கல்லாச் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன். அவள் கோபப்படக்கூட இல்லை, அவசரமாகத்தான் கேட்டாள். "சாமியாரு எந்த நோட்டுன்னு கேட்டுகினு கீறாரு. நான் இன்னா சொல்லட்டும்ண்ணா?"

இதைப் பத்திரிகைக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வளைகுடாவில் ஆட்கள் தங்குகிற ரூம்களில் ஒரு தமிழ்ப் புத்தகம் வந்தால் அட்டை கிழிகிற வரைக்கும் கை மாறிப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்றைக்காவது உன் கைக்கும் வரும். ஐந்து கேள்வியையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். பேர் வேண்டாம், ரூம் வேண்டாம், நம்பர் வேண்டாம். நீ அந்தோணியாகவே இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பச் சொல்லி நான் கேட்க மாட்டேன். நான் செய்ததை அவளிடம் இந்தப் பக்கத்தை நானே படித்துக் காட்டிச் சொல்லிவிடுகிறேன், அது என் பாடு.

ஆயிரம் பேர் வாய் ஓயாமல் பேசுகிற இடத்தில், சேதி தெரிந்த ஒருவனை மட்டும் பேசவிடாமல் விரட்டினதுதான் இந்தத் தொழிலில் நான் சாதித்தது. அந்த ஒருவன் நீ, அந்தோணி இருக்கிறாரா இல்லையா என்று இந்தப் பத்திரிகைக்கே ஒரே ஒரு வார்த்தை எழுதி, ஆரம்பித்ததை முடித்துவிட்டுப் போ.