கட்டைவிரல் வராத பெயர்

பியூலா அக்கா வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்று, வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் என் பயோடேட்டாவைக் கேட்டார். வேலை தேடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். படித்துவிட்டு, நடுவில் காணாமல் போன வருடங்களில் விரலை வைத்தார். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்றேன்.

"அதையே எழுதும்மா. மறைச்சா ஜெயில்ல இருந்தேன்னு நினைப்பாங்க."

அக்கா, கேளம்பாக்கம் பக்கத்தில் மருந்துகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் எச்.ஆர். ஆளெடுப்பது, லீவு கொடுப்பது, பிறந்தநாளுக்குக் கேக் சொல்வது, சண்டையை விலக்குவது எல்லாம் அவர் வேலை. கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட சிட்லபாக்கம் வீட்டுக்குப் போன் வரும். கணவர் தனசிங் பள்ளி ஆசிரியர். தன் வீட்டில் மட்டும் புகார் சொல்ல எச்.ஆர். கிடையாது என்பார்.

அந்தப் பகுதிக் கம்பெனிகளின் எச்.ஆர்.கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வருபவரின் பெயரையும் பழைய கம்பெனியின் பெயரையும் அதில் போடுவார்கள். பழைய கம்பெனிக்காரர் கட்டைவிரல் படம் போட்டால் ஆள் நல்லவர். ஒன்றும் போடாவிட்டால், எடுக்காதே என்று பொருள். யாரைப் பற்றியும் யாரும் கெட்டதாக ஒரு சொல் எழுதுவதில்லை. அதனால் யார்மேலும் பழி வராது.

மாடம்பாக்கத்துப் பெண் சினேகா, அக்காவின் கம்பெனியில் பெட்டிகளின் தரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை வெட்டும் இயந்திரத்தில் கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடியை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பார்த்தாள், பலனில்லை. ஆய்வுக்கு வந்த அரசு அதிகாரியிடம் நேராகச் சொல்லிவிட்டாள். மூடி திரும்ப வந்தது. ஆனால் அவளோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் வேறு மேசைக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அவளே ராஜினாமா செய்தாள்.

அவள் பெயர் குழுவில் வந்தால் பேசாமல் இருக்கும்படி மேலாளர் ஜெபகுமார் அக்காவிடம் சொன்னார். இரண்டு கம்பெனிகள் கேட்டன. அக்கா பேசாமல் இருந்தார். கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா சர்ச்சிலிருந்து திரும்பிய நேரத்தில் சினேகா கொய்யாப்பழங்களோடு வந்தாள். அவளுக்கு அடுத்து ஒரு இன்டர்வியூ இருந்தது. அக்கா தன்னைக் கேள்வி கேட்டுப் பழக்க வேண்டும் என்றாள்.

"எல்லாரும் சிரிச்சிப் பேசித்தான் அனுப்புறாங்க அக்கா. அப்புறம் கூப்புடறதே இல்ல. என் இங்கிலீஷ்தான் மட்டமா கீது போல. சேலையூர்ல கிளாஸ் சேந்துட்டேன். நீங்க இருக்கிற தைரியத்துல ரெஃபரன்ஸ்ல உங்க பேரைத்தான் போடறேன்."

பழைய வேலையை ஏன் விட்டாய் என்று அக்கா கேட்டார். சொந்தக் காரணம், அங்கே எல்லாரும் நல்லவர்கள் என்று சினேகா மனப்பாடமாக இங்கிலீஷில் சொன்னாள். அக்காவால் அடுத்த கேள்விக்குப் போக முடியவில்லை. நான் எழுந்து மாடிக்குப் போகப் பார்த்தேன். அக்கா என்னையும் இருக்கச் சொன்னார்.

"உன் இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல சினேகா. குறை என்கிட்டதான்."

குழுவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். சினேகா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் பாஸாயிருந்தேனா?"

"ரெண்டு இடத்துலயும்."

டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

அந்த வாரமே குழுவில் அவள் பெயர் வந்தது. போட்டவர் ஜெஃப்ரி, பெருங்குடியில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று தனசிங் கேட்டார். நீங்கள் இருக்கிறீர்களே என்று சொல்லிவிட்டு அக்கா எழுத உட்கார்ந்தார். சினேகா நேர்மையானவர், எங்கள் இயந்திரத்தில் இருந்த ஆபத்தைச் சொன்னார், சொன்னது சரி, இதுவரை நான் பேசாமல் இருந்தது தவறு என்று எழுதினார். கட்டைவிரல்களுக்கு நடுவே அந்த நான்கு வரிகள், ஜெப நேரத்தில் அடித்த போன் மாதிரி இருந்தன.

குழுவை நடத்துபவர் ஜெபகுமார்தான். அக்காவை உடனே அதிலிருந்து நீக்கிவிட்டு, மறுநாள் அறைக்கு அழைத்துக் கத்தினார். அக்கா நின்றுகொண்டே கேட்டார்.

"இனிமே சினேகாவைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எழுத்துல குடுங்க சார். ஃபைல்ல வெச்சுக்கறேன்."

அவர் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவோடு பேசவுமில்லை. கேக் சொல்லும் வேலைகூட வேறு ஒருவருக்குப் போயிற்று. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜெஃப்ரி போன் செய்தார். குழுவில் கேட்க முடியாததைத் தனியாகக் கேட்க நினைத்திருக்கிறார்.

"மேடம், அவங்களை எடுத்தா நாளைக்கு எங்க மெஷினைப் பத்தியும் போய்ச் சொல்லுவாங்களா?"

"உங்க மெஷின்ல மூடி இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்புறம் என்ன பயம்?"

சினேகாவுக்கு வேலை கிடைத்தது. ஜெஃப்ரி சொல்லித்தான் தெரியும். அவளிடமிருந்து போன் வரவில்லை. அக்காவும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் மற்ற எச்.ஆர்.கள், வேலைக்கு வருபவர்களைப் பற்றிக் கேட்க ஒவ்வொருவராக அக்காவைத் தனியாக அழைக்கத் தொடங்கினார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் வாயைத் திறந்து, நல்லதையும் குறையையும் சொன்னார்.

போன சனிக்கிழமை சினேகா கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. அந்த வெட்டு இயந்திரத்தில் நின்ற வேதாசலம், அவள் இப்போது இருக்கும் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

"அவரைப் பத்திக் கேட்டா பேசுவீங்களாக்கா?"

"பேசுவேன். என்கிட்ட கேக்கச் சொல்லி ஜெஃப்ரிகிட்ட சொல்லு."

சினேகா போனை வைக்கவில்லை. புது இடத்துக் கேன்டீன் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.