சாய்ந்து நிற்கும் அசுரனும் அவனை நிமிர்த்த வந்தவர்களும்

குட்டிப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவனுக்கு வேலை தரும் முதலாளி ஒருத்தர்தான். யோசனை தரும் முதலாளிகள் தாம்பரம் முழுக்க இருக்கிறார்கள். கேக்குக்கு க்ரீம் வைக்கிறவர்களே, பிளவுசுக்கு ஆரி வேலை செய்கிறவர்களே, கல்யாண ஸ்டேஜ் கட்டுகிறவர்களே, இந்தத் தலைவலி உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் புலம்புகிறேன்.

நான் முன்பு பல் லேபில் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தவன். என் பல்லைப் போட்டுக்கொண்டு ஊரே சிரித்தது. செய்தவன் பெயரை ஒரு ஜீவன் கேட்டதில்லை. இப்போது இரும்புலியூரில் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து, மேஜையில் வைத்து ஆடும் போர் விளையாட்டுகளுக்கான உள்ளங்கை உயரப் பொம்மைகளைச் செய்கிறேன். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் கார்த்திக் ஒருநாள் பிளாஸ்டிக் எருமைத்தலை அசுரன் ஒன்றைக் கொண்டுவந்தான். "டேனி அண்ணா, இதை மகாபலிபுரம் குகைச் சிற்பத்துல இருக்கற அசுரன் மாதிரி மாத்திக் குடுங்க. எங்க ஆபீஸ் பக்கம் போட்டி வைக்கிறாங்க. கடைப் பொம்மையை வெட்டி மாத்தறவங்களுக்குன்னு இருக்கற உருமாற்றப் பிரிவுல வைப்போம். அங்க செஞ்சவர் பேரை அட்டையில எழுதி வெப்பாங்க" என்றான். என் பெயர், அட்டையில்! வேறென்ன வேண்டும் எனக்கு? உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

பசை ஒட்டலையா?

மகாபலிபுரம் போய் அந்தக் குகைக்குள் உட்கார்ந்துவிட்டேன். அம்மன் சிங்கத்தின் மேல் பாய்ந்து வருகிறாள். எதிரே அசுரன் கதாயுதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி பின்னால் சாய்ந்து நிற்கிறான். ஓடவும் இல்லை, விழவும் இல்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகும் காலை எடுக்காமல் நிற்கிற சாய்வு அது. அந்தச் சாய்வு வராவிட்டால் நான் செய்வது அசுரனே இல்லை, கடைப் பொம்மை.

வீட்டுக்கு வந்து, கொடிக்கம்பம் மாதிரி நின்ற பிளாஸ்டிக்கை இடுப்பிலும் முழங்காலிலும் அறுத்தேன். உள்ளே கம்பி செருகி, மேலே மாவு மாதிரி பிசைகிற புட்டியை வைத்துத் தசையை மறுபடி வளர்த்தேன். பொய்ப்பல் பொய்யென்று தெரியக்கூடாது என்பது லேப் பழக்கம். வெட்டின இடம் தெரியாமல் இழைத்து இழைத்துக் கண் பூத்துப் போனது. அந்தச் சாய்வு கடைசியில் வந்தேவிட்டது. ஆசையாகப் போட்டோ எடுத்து கார்த்திக்குக்கு அனுப்பினேன். பதில் வந்தது பாருங்கள்: "சூப்பர்ணா! ஆனா கொஞ்சம் சாஞ்சிருக்கே, பசை சரியா ஒட்டலையா?"

மெர்சி அக்காவின் ஜெபம்

என் மனைவி ஜெசியின் ஜெபக்குழு எங்கள் ஹாலில்தான் கூடும். அதில் மூத்தவர் மெர்சி அக்கா, ரிட்டயர்டு டீச்சர். ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த அசுரனை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஐயோ, சாத்தானை வீட்டுக்குள்ள வெச்சிருக்கியே!" என்று உடனே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். யாருக்காக ஜெபித்தாலும் தலையில் கை வைப்பது அவர் வழக்கம். அசுரனுக்கும் தலையில் கை வைத்தார். அப்போதுதான் புட்டியில் கொம்பு பிடித்து வைத்திருந்தேன். கொம்பு சப்பாத்தியானது.

நான் போட்ட சத்தத்தில் ஜெசி கிச்சனிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் என்னைத்தான் முறைத்தாள். ஒரு பெரிய மனுஷி வீட்டுக்கு வந்த இடத்தில் இப்படியா கத்துவது என்று. கொம்பு போனவன் நான், அதட்டல் வாங்குகிறவனும் நான்! மெர்சி அக்கா மட்டும் அமைதியாக விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கோவப்படாதே தம்பி, முதுகுல ரெண்டு செட்டை ஒட்டிட்டா தேவதூதன் ஆயிடுவான், கிறிஸ்மஸ் குடில்ல வெச்சுக்கலாம்."

கருப்புன்னா கருப்பு

எருமைத் தோல் வெறும் கருப்பு இல்லை. வயிற்றில் நீலம் ஓடும், முட்டியில் சேறு காய்ந்து சாம்பல் பூத்திருக்கும், காதுக்குள் ரோஜா நிறம். அதைப் பார்க்க மாடம்பாக்கம் பக்கம் போய், ஒரு அம்மாவின் எருமையைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தேன். "இன்னாப்பா, மாட்டைச் சுத்திகினு கீறே? பேங்க்கு ஆளா?" என்றார் அந்த அம்மா. மாட்டு லோனுக்கு இப்படித்தான் வந்து படம் பிடிப்பார்களாம். காதைத் திருப்பிக் காட்டி, ஊசி போட்ட கதையெல்லாம் சொன்னார்.

நான் லோன் தருகிறவன் இல்லை, பொம்மைக்கு வண்ணம் பார்க்க வந்தவன் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. போனில் அசுரனைக் காட்டி, இத்தனை நிறம் கலக்க வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன். வெயிலில் நின்று விளக்கியதுதான் மிச்சம். "எருமை கருப்புப்பா. ஒரு கருப்பு டப்பா வாங்கி அட்ச்சிட்டுப் போ, அத்த வுட்டுட்டு எம்மாட்டை ஏன் பேஜார் பண்றே?"

ஓனரின் திருஷ்டி

வண்ணமெல்லாம் முடித்து, வார்னிஷ் காயட்டும் என்று பால்கனிச் சுவரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் அசுரனைக் காணோம். எங்கள் ஓனர் பரம்பரை நிலக்காரர். அப்போது எங்கள் தலைக்கு மேல் இன்னொரு மாடி கட்டிக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டி ரோட்டில் போகிறவர்கள் கண்ணெல்லாம் தன் கட்டடத்தின் மேல்தான் என்று அவருக்கு ஒரே பயம். நிமிர்ந்து பார்த்தேன். சாரக் கம்பில் பூசணிக்காய்க்கும் மிளகாய்ச் சரத்துக்கும் நடுவே, இடுப்பில் சணல் கட்டித் தொங்குகிறான் என் அசுரன்!

ஏணியில் ஏறி அவிழ்த்தேன். இடுப்பில் விரிசல். சாய்வு போய் விறைப்பாக, ரேஷன் கடை க்யூவில் நிற்கிறவன் மாதிரி இருந்தான். போட்டிக்கு நாலு நாள்கூட இல்லை. "யாரைக் கேட்டுங்க தொட்டீங்க?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். வாடகைக்கு இருக்கிறவன் ஓனரிடம் அப்படிக் கத்தக்கூடாதுதான், ஆனால் வயிறு எரிந்தது. ஓனருக்கோ என் கோபம் கடைசிவரை விளங்கவேயில்லை. "சாஞ்சிகினு நின்னா ஊர்க்கண்ணு எப்டி அதும்மேல வுழும்? நிமிர்த்தி வுட்டு, அதுக்கு ஒரு வேலையும் குட்த்தா, கோச்சிக்கிறியே டேனி!"

மேஜை மாறிய கதை

மறுபடி அறுத்து, மறுபடி கம்பி கொடுத்து, மறுபடி சாய்த்தேன். சோறு தண்ணி சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிறுசேரியில் உருமாற்ற மேஜையில் கார்த்திக் அவனை வைத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குகைச் சாய்வு அப்படியே இருந்தது. பக்கத்தில் என் பெயர் எழுதின அட்டை. ஜெசிக்கு அனுப்ப அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

நடுவர் வந்தார். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு இடுப்பு, முட்டி, கழுத்து எல்லாம் தேடினார். "நல்ல பெயின்டிங். கம்பெனிக்காரன் போஸும் பிரமாதமா குடுத்திருக்கான். ஆனா நீங்க இதுல எதையும் மாத்தலையே?" என்றார். "சார், இது நெட்டுக்குத்தா நின்ன பிளாஸ்டிக் பொம்மை!" என்று கார்த்திக் எகிறினான். நான் போனில் வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் காட்டினேன். ஏஐ இருக்கிற காலத்தில் படத்தை எப்படி நம்புவது என்றார். சொன்னதோடு விடவில்லை. மேஜையிலிருந்த பேனாக் கத்தியை என் கையில் கொடுத்து, கீறிக் காட்டச் சொன்னார்.

கத்தியைப் பிடித்தபடி நின்றேன். இடுப்பில் ஒரு கீறல் போட்டால் புட்டி தெரியும், பெயரும் நிற்கும். கார்த்திக், "வேணாம்ணா" என்றான். நானும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அசுரனைத் தூக்கிச் சாதாரண பெயின்டிங் மேஜைக்குக் கொண்டுபோனார்கள்; அங்கே பெயர் கிடையாது, நம்பர்தான். என் அட்டையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு நடுவர் ஆறுதலாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார், அடுத்த தடவை நீங்க செஞ்சதுன்னு தெரியற மாதிரி செய்யுங்க."

ஆகவே சக பாவிகளே, பெயர் வேண்டுமென்றால் வேலையில் கொஞ்சம் கோளாறு விட்டு வையுங்கள்; எனக்குத்தான் அந்த ஒரு வித்தை மட்டும் கைக்கு வரவே மாட்டேன் என்கிறது.