அழுக்குச் சட்டைக் கடன்

இளைய காவலரைக் கண்டால் ஓநாயே நின்று போஸ் கொடுக்கிறதாம் என்று வன அலுவலகம் முழுக்கப் பேச்சு. மூத்த காவலருக்கு வயிறு எரிந்தது. ஓநாய்க் கணக்கெடுப்புக்காகப் பன்னிரண்டு வருடமாகப் புதருக்குள் தானாகப் படமெடுக்கும் கேமரா கட்டுகிறார். இதுவரை அதில் விழுந்தது முயலும் அவருடைய மூக்கும்தான். நேற்று வந்தவனுக்கு இரண்டு குட்டிகளோடு தாய் ஓநாயா!

உண்மையை அறிய ஒரு காலையில் அவன் பின்னாலேயே போனார். கேமராவைத் தொடுமுன் அவன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மாட்டினான். நாற்றம் பத்தடிக்கு அடித்தது.

“என்னடா கருமம் இது?”

“மூணு மாசமா துவைக்காம மண்ணுல புரட்டி வெச்சிருக்கேண்ணே. சோப்பு வாசம் பட்டா ஓநாய் அந்தப் பக்கமே வராது. நீங்க மாப்பிள்ளை மாதிரி சென்ட் அடிச்சுட்டுல்ல வர்றீங்க!”

மானத்தை விட்டு அதை இரவல் வாங்கினார். நான்காம் நாள் அவர் கேமராவில் தாய் ஓநாய்; கூடவே மூன்று குட்டிகள். அவனைவிட ஒன்று அதிகம்! வீட்டில் இந்தப் பெருமையைப் பேசி முடிப்பதற்குள் மனைவி சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

“அண்ணே, சட்டை?”

“நாளைக்குத் தரேன்டா” என்கிறார் தினமும். சட்டை இஸ்திரி போட்டு மடித்துத் தயாராகத்தான் இருக்கிறது. மூன்று மாத நாற்றத்துக்கு எங்கே போவார்?